காலடியில் எடுக்கும் முடிவு: கம்பம் பள்ளத்தாக்கின் ஆட்டங்களும் உடம்பின் யோசனையும்

முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்ததும் கும்மி தொடங்கிவிடும். முதலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். பாட்டெடுத்துக் கொடுக்க ஒருவர், வாங்கிப் பாட மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள், கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பொங்கலுக்கென்று வந்த மகள்கள் என்று ஒவ்வொருவராக உள்ளே புகுவார்கள். வட்டம் பெருத்துக்கொண்டே போகும். ஆட்டம் ஒரு நொடியும் நிற்காது. தள்ளி நில்லுங்கள், இடம் விடுங்கள் என்று யாரும் சத்தம் போடுவதுமில்லை.

இங்கே நடப்பதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு இரண்டரை அடி இடம் என்றால் 12 பேர் நிற்கும் வட்டத்தின் சுற்றளவு 30 அடி. ஓர் எட்டுக்கு ஒன்றேகால் அடி வைத்தால் 24 எட்டில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதாவது எட்டுக்கு 15 பாகை உடம்பைத் திருப்ப வேண்டும். 36 பேர் சேர்ந்ததும் சுற்றளவு 90 அடி, சுற்றுக்கு 72 எட்டு, எட்டுக்கு 5 பாகை. சின்ன வட்டத்தில் உடம்பு எப்போதும் உள்பக்கமாகச் சாய்ந்தே இருப்பதால் குனிந்து கொட்டுவது தானாக அமைகிறது. பெரிய வட்டத்தில் கிட்டத்தட்ட நேர்கோட்டில் நடப்பதுபோல் ஆகிவிடும். உள்ளே குனிவதைத் தனியாகச் செய்தாக வேண்டும். பாட்டுக்காரியின் குரல் எதிர்ப்பக்கத்தில் மேளச் சத்தத்தோடு அமுங்கிப்போகும். அங்கே ஆடுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்த்துத்தான் அடுத்த கொட்டைப் போடுகிறார்கள். ஒரே பாட்டு, ஒரே கொட்டு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உள்ளே ஆடுகிறவரின் உடம்பு இதற்குள் நாலைந்து முடிவுகளை மாற்றி எடுத்திருக்கும்.

இந்த முடிவுகளை எடுத்தது யார்? நடன அமைப்பு என்றதும் நம் மனதில் வருவது ஓர் ஆள்: தனியாக உட்கார்ந்து யோசிப்பவர், குறிப்பெழுதுபவர், ஒத்திகையில் மற்றவர்களை நிறுத்தித் திருத்துபவர், விளம்பரத் தாளில் பெயர் வருபவர். கும்மிக்கு அப்படி ஒருவர் கிடையாது. அதனாலேயே அதைப் படைப்பு என்ற கணக்கில் சேர்க்காமல் மரபு, பாரம்பரியம், பண்பாடு என்று மாலை போட்டு உட்கார வைத்துவிடுகிறோம். மாலை விழுந்த பிறகு எதையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓர் ஆட்டத்தில் முடிவு எப்போது, எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது? ஒத்திகைக் கூடத்தில் முன்கூட்டியே எடுக்கப்படுகிறதா, களத்தில் ஆடும்போதே எடுக்கப்படுகிறதா? கம்பம் பள்ளத்தாக்கின் ஆட்டங்களை இந்த ஒரு கேள்வியோடு பார்த்தால், பழசைக் காப்பாற்றி வைத்திருக்கும் பெட்டியாக நாம் நினைத்தவை வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் சின்னமனூர் இருக்கிறது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சுவர், இன்னொரு பக்கம் மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்த பிறகு நீர்வரத்து நிலைத்து, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் என்பது இன்றும் விவசாயிகள் வாயில் புழங்கும் கணக்கு. வாழையும் திராட்சையும் உண்டு. விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புகிறவர்களும் உண்டு. நடவில் குனிந்து பின்னுக்கு நகரும் உடம்பும், ஏலச் செடியின் தூரடியில் குத்தவைத்துக் காய் பறிக்கும் உடம்பும்தான் இரவில் வட்டத்தில் நிற்கின்றன. வேலையிலிருந்துதான் ஆட்டம் பிறந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடுவது சுலபம். பல பேர் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நடவில் உடம்பு பின்னோக்கிப் போகிறது, கும்மியில் பக்கவாட்டில் போகிறது. நடவில் வரிசை நேராக இருக்க வேண்டும், கும்மியில் வளைய வேண்டும். வேலை கற்றுக்கொடுத்ததாக நான் நினைப்பது அசைவை இல்லை. பக்கத்து ஆளின் வேகத்தை ஓரக்கண்ணால் அளந்து தன் வேகத்தைச் சரிசெய்யும் பழக்கத்தை அது கொடுத்திருக்கும்.

சின்னமனூர் என்ற பெயர் வரலாற்று மாணவர்களுக்குச் செப்பேடுகளால் அறிமுகம். பாண்டியர் வம்சாவளியையும், மதுரையில் சங்கம் வைத்ததையும், பாரதத்தைத் தமிழாக்கியதையும் சொல்லும் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு இந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அரசன் பெருமையைச் சொல்ல வந்த செம்பில் ஆடியவர்களின் காலடியைத் தேடுவது வீண்வேலை. ஆட்டத்தைப் பற்றிய நல்ல சாட்சி இதே பள்ளத்தாக்கின் தென்கோடியில், மலைமேல் இருக்கிறது.

கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோட்டத்தைக் கண்ணகி விண்ணேறிய இடமாகப் பள்ளத்தாக்கு மக்கள் கொண்டாடுகிறார்கள். 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடிப்போய் இந்தக் கோயிலை அடையாளம் காட்டிய பிறகு ஆய்வாளர் கவனமும் அதன்மேல் விழுந்தது. புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும்தான் மக்கள் ஏற முடியும். சிலப்பதிகாரத்தின் 24ஆம் பகுதியான குன்றக்குரவை அந்த மலைக்காட்சியைச் சொல்கிறது. வேங்கை மர நிழலில் நின்ற பெண் கணவனோடு விண்ணேறியதைக் குறவர் குடியினர் கண்ணால் பார்க்கிறார்கள். அதுவரை அவர்கள் அறிந்திராத நிகழ்ச்சி அது. அவள் யார், ஏன் வந்தாள், அவளை என்ன செய்வது? ஊர்கூடிப் பேசித் தீர்மானம் போடவில்லை. பறைகளை அடிக்கவும் கொம்பை ஊதவும் மணியை ஆட்டவும் ஒருவரையொருவர் ஏவிக்கொண்டு, அவளைத் தெய்வமாக்கிக் குரவைக்குக் கைகோத்துவிடுகிறார்கள். புரியாத ஒன்றை ஒரு கூட்டம் ஆடிப் புரிந்துகொள்ளும் காட்சி இது. சேரன் செங்குட்டுவன் காதில் செய்தி விழுவதும், இமயத்துக்குக் கல் எடுக்கப் போவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். கல்லில் சிலை வருவதற்கு முன்பே காலில் வழிபாடு வந்துவிட்டது.

அதே காப்பியத்தின் 17ஆம் பகுதி இன்னும் நுட்பமானது. மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் கெட்ட குறிகள் தென்படுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர், மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று அங்கே வாழும் ஆயர்குலப் பெண் மாதரிக்கு உறைக்கிறது. குரவை ஆடலாம் என்று முடிவெடுக்கிறாள். பிறகு அவள் செய்வது கவனிக்கத்தக்கது. ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயரைச் சூட்டுகிறாள். குரலுக்கு மாயவன், இளிக்குப் பலராமன், துத்தத்துக்கு நப்பின்னை என்று வேடமும் கொடுக்கிறாள். யாருக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்பது அந்தச் சுரங்களுக்கு இடையிலான உறவை வைத்து அமைகிறது. கைகோத்து நிற்கும் ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் ஒரு கதையாகவும் ஒரு பண்ணாகவும் இருக்கிறார்கள். யாழில் நரம்புகளைக் கட்டுவதைப்போல மனிதர்களைத் தரையில் கட்டியிருக்கிறாள் மாதரி. 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பிறகு இந்தப் பகுதியை இசை ஆய்வாளர்கள் துருவித் துருவிப் படித்தார்கள். ஆனால் மாதரியை நடனம் அமைத்தவள் என்று பேசியவர்கள் குறைவு. அரங்கேற்று காதையில் மாதவிக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன் என்று தனித்தனியே ஆட்கள் இருக்கிறார்கள். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமுமாக அளந்து போட்ட அரங்கம் இருக்கிறது. மாதரிக்கு இருந்தது ஒரு முற்றமும் ஓர் அச்சமும் மட்டுமே. இருந்தும் அமைப்பின் நுணுக்கத்தில் அவள் யாருக்கும் இளைத்தவளாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு பழக்கதோஷத்தைச் சொல்லியாக வேண்டும். கரகத்தைப் பார்த்ததும் சிலம்பில் வரும் குடக்கூத்து என்றும், கும்மியைப் பார்த்ததும் குரவை என்றும் கோடு இழுத்துவிடுகிறோம். இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தக் கோட்டை இழுக்க நம்மிடம் கயிறு போதாது. குரவையை நான் இங்கே கொண்டுவந்தது வம்சாவளிக்காக இல்லை. உடம்புகளை இடம் மாற்றி நிறுத்துவதன் மூலம் ஒன்றை யோசிக்க முடியும் என்பது தமிழில் எவ்வளவு முன்பே எழுத்தில் ஏறியிருக்கிறது என்பதற்காக.

பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் உண்டு. தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தாரின் ஆட்டம் தேவராட்டம். தேனி, மதுரை தொடங்கித் தூத்துக்குடி வரை அவர்கள் இருக்கும் பகுதிகளில் இது ஆடப்படுகிறது. கலியாணம், கோயில் விழா, சாவு என்று எல்லாவற்றுக்கும் ஆட்டம் உண்டு. மரபாக ஆண்கள் மட்டுமே ஆடுவது. காலில் சலங்கை, இரண்டு கையிலும் துணி. முக்கியமான விஷயம், இதில் பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்ற, உறுமியை ஒத்த தோற்கருவி ஒன்றுதான். கதை சொல்லும் பொறுப்பே இல்லாத ஆட்டம். எதையும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. மேளம் சொல்வதும் கால் பதில் சொல்வதும்தான் மொத்த ஆட்டமும்.

இதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். துந்துபியை வணங்கிவிட்டு வரிசை மெல்லத் தொடங்கும். ஓர் அடவு ஓடிக்கொண்டிருக்கும்போது மேளக்காரர் அடியைச் சற்றே நெருக்குவார். உறுமும் பக்கத்தில் குச்சி தேய்க்கும் ஒலி இழுபடும். முன்னே ஆடுகிறவர் அதைக் காதில் வாங்கி, நடக்கிற சுற்றை முடித்து, அடுத்த அடவின் முதல் காலைத் தூக்குவார். பின்னால் இருப்பவர்கள் அவர் கால் தரையில் விழுவதற்குள் தங்கள் காலைத் தூக்கியிருப்பார்கள். மேளம் காட்டிய குறிப்புக்கும் வரிசை முழுவதும் மாறுவதற்கும் இடையில் சில நொடிகள்தான். அதற்குள் பழைய அடவு குறைப்பிரசவமாக நின்றுவிடக்கூடாது, புதியது அவசரமாக முளைத்துவிடவும் கூடாது. சில நேரம் முன்னே ஆடுகிறவர் மேளத்துக்குப் பணியமாட்டார். அதே அடவை இன்னொரு சுற்று இழுப்பார். மேளக்காரர் விட்டுக்கொடுத்துத் திரும்பி வருவார், இல்லையென்றால் இன்னும் நெருக்குவார். பார்க்கிற கூட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் ரசிப்பது இந்த இழுபறியைத்தான். அடவுகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர், சொல்லிக்கொடுப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் மாறும். அந்த எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. அடவு என்பது சரக்கு. எந்த அடவிலிருந்து எந்த அடவுக்கு, எந்தக் கணத்தில், எந்தக் காலால் தாவுவது என்பதில்தான் படைப்பு இருக்கிறது. அந்தத் தாவலை எந்தப் பட்டியலும் சொல்லாது.

ஒயிலாட்டம் இதற்குப் பக்கத்து வீடு. வரிசை கட்டி நின்று, கையில் வண்ணத் துணியை வீசி, பாட்டோடு ஆடுவது. இராமாயணம், வள்ளி திருமணம் போன்ற கதைகள் பாட்டில் வரும். இப்போதெல்லாம் அடி மாறுவதற்கு வாத்தியார் விசில் ஊதுகிறார். விசில் வந்ததும் யார் முடிவெடுக்கிறார் என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒரு வகையில் இது தேவராட்டத்துக்கும் மேடை நடனத்துக்கும் நடுவில் இருக்கும் ஏற்பாடு.

ஆனால் ஒயிலாட்டத்தில் என்னை அதிகம் இழுப்பது ஆட்டத்தைவிடப் பழக்கும் முறைதான். இரவு வேலையெல்லாம் முடிந்து கோயில் முன்னாலோ சாவடியிலோ பழகுவார்கள். வாத்தியார் எப்போதும் முழுதாக ஆடிக் காட்டுவதில்லை. வாயால் தத்தகாரம் சொல்லிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் லேசாக அசைத்து, வீசும் துணிக்குப் பதிலாக ஒரு விரலைச் சுழற்றுவார். ஆட்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் அதேபோல் பாதி உடம்பில் ஆடிப் பார்ப்பார்கள். ஓரமாக நிற்கும் ஒருவன் இரண்டு உள்ளங்கைகளைத் தரையாகவும் பாதமாகவும் வைத்து எந்தக் கால் முன்னே என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். வெளியாளுக்கு இது சோம்பல் மாதிரி இருக்கும். முழுசா ஆடுங்கப்பா என்று சொல்லத் தோன்றும்.

இதைக் கடல்தாண்டி ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியேகோ வளாகத்தில் அறிதிறன் ஆய்வாளராக இருக்கும் டேவிட் கிர்ஷ், லண்டனில் வேய்ன் மெக்ரிகரின் நடனக்குழுவோடு சேர்ந்து, அவர்கள் புதிய நடனத்தை உருவாக்குவதையும் பழகுவதையும் படம்பிடித்துப் பகுத்துப் பார்த்தார். ஒரு சோதனையில் நடனக்காரர்கள் புதிய பகுதியை மூன்று விதமாகப் பழகினார்கள்: முழு உடம்போடு ஆடுவது, சுருக்கிப் பாதி அசைவில் ஆடுவது, படுத்துக்கொண்டு மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. முழு உடம்போடு ஆடியவர்கள்தான் நன்றாகக் கற்றிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். சுருக்கி ஆடியவர்களே முந்தினார்கள். மனதுக்குள் மட்டும் ஓட்டியவர்கள் கடைசி. கிர்ஷ் தரும் விளக்கம் இதுதான்: பாதி அசைவு என்பது உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் வரைபடம், ஒரு நேரத்தில் ஒரு சிக்கலை மட்டும் எடுத்து, மற்றவற்றின் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க அது இடம் கொடுக்கிறது. தலைக்குள் மட்டுமே யோசித்தாலும் போதவில்லை, முழு வேகத்தில் ஆடினாலும் யோசிக்க இடமில்லை. விரலைச் சுழற்றும் ஒயிலாட்ட வாத்தியாருக்கு இந்தச் சோதனை முடிவைச் சொன்னால், இதுக்கு எதுக்குப்பா லண்டன் வரைக்கும் என்று கேட்கக்கூடும்.

களத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கூடத்தில் எடுக்கும் முடிவைத் தாழ்வாகப் பேசுவதாக நினைத்துவிடக்கூடாது. சென்னையிலிருந்து ஒரு வாழ்க்கையை எதிரே வைத்துப் பார்க்கிறேன். சந்திரலேகா 1928இல் மராட்டியத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். அவருடைய அரங்கேற்றம் 1952இல், ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக நடந்தது. மதுரா நகர யமுனையையும் நீர் விளையாட்டையும் அபிநயிக்கும் பகுதியில், கை பொங்கும் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலமும் தண்ணீருக்காக வரிசையில் நின்ற மக்களும் அவர் கண்முன் வந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடம்பு ஒன்றைச் சொல்ல, உள்ளே இன்னொன்று ஓட, இரண்டும் பொருந்தவில்லை. இந்தப் பொருத்தமின்மையை அவர் கட்டுரையாக எழுதிக் கடந்து போயிருக்கலாம். சில ஆண்டுகளில் தனிக்கச்சேரி வாழ்க்கையை விட்டார். எழுத்து, வடிவமைப்பு, பெண்ணிய இயக்கம் என்று வேறு திசைகளில் நெடுங்காலம் போனார்.

1985இல் அவர் அமைத்த 'அங்கிகா' அந்தப் பொருத்தமின்மைக்கு உடம்பிலேயே தேடிய பதில். பரதத்திலிருந்து தெய்வக் கதை, நாயகி பாவம், நகை, புன்னகை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, அரைமண்டியையும் அடவையும் எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டார். பக்கத்தில் களரிப்பயிற்றுக்காரர்களையும் யோகாசனத்தையும் நிறுத்தினார். ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்ததும் மூன்றுக்கும் முதுகெலும்பு ஒன்று என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இதை வாயால் சொன்னால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். களரிக்காரர் காலை அகட்டித் தாழ்ந்து நிற்பதையும் பரதம் ஆடுபவர் அரைமண்டியில் நிற்பதையும் ஒரே வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. 2001இல் வந்த 'சரீரா'வில் திஷானி தோஷியும் களரி பயின்ற ஷாஜி ஜானும், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையில், பொறுக்க முடியாத மெதுவான வேகத்தில் அசைந்தார்கள். வேகத்தைக் கழித்தால் உடம்பில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அது. அவருடைய குழுவில் பத்து ஆண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் இந்தக் கழித்தலை இன்னும் கடுமையாகத் தன் வழியில் கொண்டுபோனவர். 2006 டிசம்பரில் சந்திரலேகா இறந்தபோது பெசன்ட் நகர்க் கடலோரத்தில் அவர் உருவாக்கிய 'ஸ்பேசஸ்' அரங்கு அந்த யோசனைக்கு ஓர் இடமாக நின்றது.

தேவராட்டத்தோடு இதை வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். இரண்டிலும் கதை இல்லை, வசனம் இல்லை. அடவு தன்னளவில் பொருள் கொள்கிறது. நகரத்து மேடை நெடுவழி நடந்து, பலபேரோடு சண்டைபோட்டு வந்து சேர்ந்த இடத்தில் கம்பளத்தார் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. சந்திரலேகா தான் கற்றதையே சந்தேகித்தார், அதிலிருந்து வெளியேறினார், வேறு ஒன்றோடு திரும்பினார். எதை ஆடமாட்டோம் என்று முடிவெடுக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. தேவராட்டக்காரருக்கு அடுத்த அடவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. ஆட்டத்தின் அடிப்படையையே மறுக்கும் சுதந்திரம் அவ்வளவாகக் கிடையாது. சாதியின் சடங்காக இருக்கும் ஓர் ஆட்டத்தில் ஒரு பெண், நானும் ஆடுகிறேன் என்று கேட்பதற்குக் களத்தில் இடம் இருந்ததில்லை. உடம்பின் அறிவைக் கொண்டாடுகிற கட்டுரைகள் பலவும் எந்த உடம்புக்கு உள்ளே நுழைய அனுமதி என்பதைச் சொல்லாமல் நழுவிவிடுகின்றன. வட்டத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதும் அந்த ஆட்டத்தின் அமைப்பில் சேர்ந்ததுதான்.

கரகத்துக்கு வருவோம். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. தலையில் கை படாமல் நிற்கும் குடமும், அதன் கீழே கழுத்துக்குக் கீழ் மொத்த உடம்பும் ஆடுவதும்தான் அதன் சவால். பாரம் நடுக்கோட்டிலிருந்து நழுவப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத திருத்தம் ஒன்று முழங்காலிலும் இடுப்பிலும் நடக்கிறது. பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த கங்கை அமரன் இயக்கி, அதே ஊரின் இளையராஜா இசையமைத்து 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' இந்த ஆட்டத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஆட்டக்காரர்களுக்கு அதனால் பெயர் கிடைத்தது, மறுக்க முடியாது. ஆனால் சினிமா வெட்டி வெட்டித்தான் காட்டும். முகம் ஒரு துண்டு, பாதம் ஒரு துண்டு, குடம் ஒரு துண்டு. குடம் நழுவப் பார்த்து இடுப்பு அதைப் பிடித்துக் கொடுக்கும் அந்த ஒரே கணம் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்துவிடும். கரகத்தின் யோசனை முழுவதும் அந்தக் கணத்தில்தான் இருந்தது.

இன்று இந்த ஆட்டங்களைப் பலர் முதலில் பார்ப்பது பள்ளிக்கூடத்தில். 2022–23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்கு வெகுமுன்பே ஆண்டுவிழாக்களிலும் கல்லூரிப் போட்டிகளிலும் கரகமும் ஒயிலும் தேவராட்டமும் இடம்பிடித்துவிட்டன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமத்து ஆட்டங்களைத் தலைநகரின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. போட்டி மேடைக்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்குவார்கள். மேளத்துக்குப் பதில் பென் டிரைவில் பதிந்த இசை. எதிரே மூன்று நடுவர்கள். இந்த மூன்றும் சேர்ந்து ஆட்டத்தின் எலும்பையே மாற்றிவிட்டன. நடுவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பதால் வட்டம் உடைந்து அரைவட்டமாகிவிட்டது. வட்டத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. மேடைக்கு அதுதான் எல்லாம். நேரம் குறைவு என்பதால் மெதுவாகத் தொடங்கி ஏறும் கட்டம் போய், முதல் நொடியிலேயே உச்சம். கடைசியில் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டிக் கைதட்டு வாங்குவார்கள். பதிந்த இசை மாறாது என்பதால் மேளக்காரருக்கும் முன்னே ஆடுகிறவருக்கும் இடையிலான அந்த இழுபறி அறவே இல்லை. எல்லா முடிவுகளும் இரண்டு வாரத்துக்கு முன்பே பள்ளி மைதானத்தில் எடுக்கப்பட்டுவிடுகின்றன. களத்துக்கு வரும்போது பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது நினைவு வைத்துக்கொள்ளும் வேலைதான்.

இதைப் பார்த்துக் கலை செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அதே மைதானத்தில்தான் பெண் பிள்ளைகள் தேவராட்டம் ஆடுகிறார்கள். ராஜகம்பளத்தார் வீட்டுப் பையனோடு வேறு சாதிப் பையன் ஒரே வரிசையில் சலங்கை கட்டி நிற்கிறான். எந்தச் சாவடியும் தராத இடம் அது. களத்திலிருந்து கூடத்துக்கு முடிவு இடம்பெயர்ந்ததில் ஒன்று போயிற்று, ஒன்று வந்தது. போனதைத் திரும்பக் கொண்டுவருவது அப்படி ஒன்றும் முடியாத காரியமாகவும் எனக்குத் தோன்றவில்லை. பென் டிரைவை எடுத்துவிட்டு ஓர் உறுமிக்காரரை மேடைக்கு அழைத்தாலே பாதி திரும்பிவிடும். அடவு வரிசையை முன்கூட்டியே கட்டாமல், மேளம் மாறும்போது மாறுவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் முதல் சில தடவை தடுமாறுவார்கள். நடுவர்கள் அந்தத் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்க வேண்டும். அது மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஆவணப்படுத்துகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ருடால்ஃப் லாபான் 1928இல் வெளியிட்ட அசைவுக் குறியீடு முதல் இன்றைய கணினி மென்பொருள் வரை, அசைவை எழுதி வைக்கும் கருவிகள் உலகத்தில் நிறைய உண்டு. அவை எல்லாம் அடவை எழுதும். நமக்கு வேண்டியது அடவுக்கும் அடவுக்கும் இடையில் நடப்பது. இதுவரை நான் பார்த்த பெரும்பாலான பதிவுகளில் கேமரா எதிரே நிற்கிறது, நல்ல ஆட்டக்காரரின் முகத்தை நெருங்கிப் போகிறது, மேளக்காரரைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுகிறது. தடுமாறிய இடம் என்று தோன்றினால் எடிட்டிங்கில் வெட்டியும் விடுகிறார்கள். பள்ளத்தாக்கில் ஒரு பொங்கல் இரவை முழுதாகப் பதிவு செய்ய யாராவது கிளம்பினால் மேலேயிருந்து ஒரு கேமரா வேண்டும், வட்டம் பெருப்பது தெரிய. முளைப்பாரிக்குப் பக்கத்தில் ஒன்று, பாட்டெடுத்துக் கொடுப்பவரின் வாயும் எதிர்ப்பக்கத்துத் தோள்களும் சேர்ந்து தெரிய. தேவராட்டமாக இருந்தால் ஒன்று மேளக்காரரின் கைமேல் மட்டும் நிற்க வேண்டும். எதையும் வெட்டக்கூடாது. மறுநாள் அந்தப் படத்தை ஆடியவர்களிடமே போட்டுக்காட்டி, இந்த இடத்தில் ஏன் இன்னொரு சுற்று இழுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். பாதிப்பேர், தானா வந்துச்சு என்பார்கள். மீதிப்பேர் எழுந்து நின்று, பாதி உடம்பில் அதை ஆடிக் காட்டி, பிறகு சொல்லத் தொடங்குவார்கள்.